சட்டத்தின் வாரிசு, ரத்தத்தின் வாரிசு

அந்தமானின் டெய்ரி ஃபார்மில் ஒரு தமிழ்க் குடும்பத்துப் பெரியவர் கண்மூடினால், சொத்துப் பேச்சு கடலின் இரு கரையிலும் நடக்கும். வீடு தீவில், பூர்வீக நிலம் ராமநாதபுரம் பக்கம். பதினாறாம் நாள் காரியம் முடிவதற்குள் ஆளுக்கொரு சட்டம் பேசுவார்கள். அந்தப் பேச்சில் பத்திரமும் ரத்தமும் ஒன்றாகக் கலந்துவிடும். பிரித்துப் பார்ப்போம்.

நம்பிக்கை: 1989-க்கு முன் கல்யாணமாகிப் போன பெண்ணுக்குப் பூர்வீகச் சொத்தில் பங்கில்லை.

உண்மை: அந்த வரம்பு தமிழ்நாடு அரசு 1989-இல் கொண்டுவந்த திருத்தத்தில் இருந்தது. 2005 செப்டம்பர் 9 அன்று நடப்புக்கு வந்த மத்திய அரசின் திருத்தம் அதைத் தாண்டிவிட்டது. இந்துக் கூட்டுக் குடும்பச் சொத்தில் மகனைப் போலவே மகளும் பிறப்பால் பங்காளி. கல்யாணமான தேதி பொருட்டல்ல. அந்த 2005 தேதியில் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்பாரும் உண்டு. வினீதா சர்மா வழக்கில் 2020 ஆகஸ்ட் 11 அன்று உச்ச நீதிமன்றம் அது தேவையில்லை என்று தீர்த்துவிட்டது. ஆனால் 2004 டிசம்பர் 20-க்கு முன்பே பாகப்பிரிவினை முறைப்படி பதிவாகியிருந்தால் அதைக் கலைக்க முடியாது. அப்பா சுயமாகச் சம்பாதித்ததை உயில் எழுதி யாருக்கும் கொடுக்கலாம். உயில் இல்லாமல் போனால் மனைவி, மகன், மகள், அவரைப் பெற்ற தாய் எல்லோருக்கும் சம பங்கு. இந்தக் கடைசிப் பெயரைத்தான் பல வீடுகளில் மறந்துவிடுகிறார்கள்.

நம்பிக்கை: வாரிசுச் சட்டம் எல்லோருக்கும் ஒன்றுதான்.

உண்மை: மேலே சொன்னது இந்துக்களுக்கு. உயில் எழுதாமல் இறந்த கிறிஸ்தவருக்கு 1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டம்: மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, மீதி பிள்ளைகளுக்கு ஆண் பெண் வேறுபாடின்றிச் சமமாக. முஸ்லிம் குடும்பத்தில் மகளின் பங்கு மகனுடையதில் பாதி. நிக்கோபாரிகள் போன்ற பட்டியல் பழங்குடியினருக்கு, மத்திய அரசு தனியாக அறிவித்தாலன்றி இந்து வாரிசுரிமைச் சட்டம் பொருந்தாது. பக்கத்து வீட்டுத் தீர்ப்பு நம் வீட்டுக்குச் செல்லாது.

நம்பிக்கை: தீவில் தாத்தா காலத்திலிருந்து இருக்கிறோம், வரி ரசீதும் இருக்கிறது, நிலம் நம்முடையது.

உண்மை: அந்தமான் நிக்கோபாரில் நிலம் அடிப்படையில் மத்திய அரசுக்கு உரியது என்பது 1966-ஆம் ஆண்டு நில வருவாய், நிலச் சீர்திருத்த ஒழுங்குமுறை விதியின் நிலைப்பாடு. குடியிருப்போர் கையில் இருப்பது அரசு தந்த அனுபோக உரிமை. அது பிள்ளைக்கு இறங்குமா, விற்கலாமா என்பது ஆவணத்தில் எழுதியிருக்கும் வகையையும் நிபந்தனையையும் பொறுத்தது. வரி ரசீது மட்டும் உரிமைப் பத்திரம் ஆகாது. ஊர் நிலத்துக்குக் கேட்ட ஆலோசனையை இங்கே அப்படியே பயன்படுத்தக் கூடாது. மேல்முறையீடும் சென்னைக்குப் போகாது. கல்கத்தா உயர் நீதிமன்றத்தின் போர்ட் பிளேர் அமர்வுக்குப் போகும்.

நம்பிக்கை: ரத்தம் ஒத்துப்போனால்தான் வாரிசு, ரத்த வகை பார்த்தாலே தெரிந்துவிடும்.

உண்மை: இரண்டும் தவறு. முறைப்படி தத்தெடுத்த பிள்ளைக்கு, இந்துக்களுக்கான 1956-ஆம் ஆண்டுத் தத்தெடுப்புச் சட்டப்படி, பெற்ற பிள்ளைக்கு உள்ள அத்தனை உரிமையும் உண்டு. ஒரு மரபணுகூடப் பொதுவாக இருக்க வேண்டியதில்லை. திருமண வாழ்வின்போது பிறந்த குழந்தை அந்தக் கணவரின் குழந்தை என்றே சட்டம் கொள்ளும். 1872-ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தில் 112-ஆம் பிரிவாக இருந்த இவ்விதி, 2024 ஜூலை முதல் நடப்பில் உள்ள புதிய சட்டத்தில் 116-ஆம் பிரிவாகத் தொடர்கிறது. சொத்துச் சண்டை என்றவுடன் டி.என்.ஏ. சோதனைக்கு உத்தரவிடும் வழக்கம் நீதிமன்றங்களுக்கு இல்லை.

ரத்த வகையோ இன்னும் பலவீனமான சாட்சி. ஏ வகைத் தந்தைக்கும் பி வகைத் தாய்க்கும் ஓ வகைக் குழந்தை பிறக்கலாம். இருவரிடமும் வெளியே தெரியாத ஓ மரபணு ஒவ்வொன்று இருந்தால் போதும். 1952-இல் டாக்டர் ஒய்.எம். பேண்டேயும் உடன் பணியாற்றியோரும் பம்பாயில் கண்டறிந்த அரிய ரத்த வகை இதைவிடச் சிக்கலானது. வழக்கமான சோதனையில் ஓ என்றே தோன்றும். உள்ளே ஏ அல்லது பி மரபணு ஒளிந்திருக்கலாம். இதை வைத்து ஒரு தாயைச் சந்தேகிப்பது அநியாயம்.

நம்பிக்கை: அக்கா மகளைக் கட்டுவது வழிவழியாக வந்த முறை, சட்டமே அனுமதிக்கிறது, ஆகவே பயமில்லை.

உண்மை: 1955-ஆம் ஆண்டு இந்துத் திருமணச் சட்டம் வழக்கத்தை மதித்து விலக்குத் தருகிறது. மரபணு அந்த விலக்கைப் படிப்பதில்லை. தாய்மாமனுக்கும் அக்கா மகளுக்கும் சராசரியாக நாலில் ஒரு பங்கு மரபணு பொது. மாமன் மகள், அத்தை மகன் என்றால் எட்டில் ஒரு பங்கு. ஒளிந்திருக்கும் ஒரே குறை இருவரிடமும் இருக்கும் வாய்ப்பு அதனால் கூடுகிறது. சொந்தத்தில் கட்டினால் பிள்ளை ஊனமாகத்தான் பிறக்கும் என்பதும் மிகை. பெரும்பாலான குழந்தைகள் நலமாகவே பிறக்கிறார்கள்.

சொந்தமில்லாத ஜோடிக்கும் இதே கணக்கு உண்டு. நீலகிரிப் பழங்குடியினரிடையே 1952-இல் கண்டறியப்பட்ட அரிவாள் செல் ரத்தக் குறையை எடுத்துக்கொள்வோம். அதன் மரபணு ஒன்று மட்டும் உள்ளவர் பொதுவாக ஆரோக்கியமாகவே இருப்பார். அப்படிப்பட்ட இருவர் மணந்தால் ஒவ்வொரு பேறுகாலத்திலும் நோய்க்கு 25 சதவீத வாய்ப்பு. முதல் குழந்தைக்கு வந்துவிட்டது, அடுத்த மூன்றும் தப்பிவிடும் என்று எண்ணுவது மெண்டலின் மரபு விதியைத் தவறாகப் படிப்பது; ஒவ்வொரு முறையும் கணக்கு புதிதாகவே தொடங்கும்.

பங்கு கேட்பவர் பத்திரத்தையும் தன் மதத்துக்குரிய சட்டத்தையும் பார்க்கட்டும். பெண் பார்க்கப் போகிறவர்கள் ஜாதகத்தோடு ரத்தப் பரிசோதனை அறிக்கையையும் எடுத்துச் செல்லட்டும். சொத்துக்கு ரத்தத்தையும், பிள்ளையின் நலத்துக்குச் சட்ட அனுமதியையும் சாட்சிக்கு அழைப்பதில்தான் குடும்பங்கள் தோற்கின்றன.