பவளக்கல்லும் அம்பு முனையும்

கடற்கரையை அடுத்த மாப்பிள்ளையூரணியில் வாழும் நமக்குப் பவளக்கல் புதிதன்று. முன்பு நம் பகுதியில் அதைச் சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் எடுத்தனர். அதைச் செதுக்கி அம்பு முனை செய்ய இயலுமா?

இயலாது. அது சிப்பி ஓட்டைப் போன்றே கால்சியம் கார்பனேட். ஆய்வகத்தில் சிப்பி ஓட்டின்மேல் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை விட்டால் நுரைப்பதைக் காணலாம். இத்தகைய கல்லில் உறுதியான கூர்விளிம்பு அமையாது.

அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் கிடைக்கும் தொல்பவளமோ வேறு. நெடுங்காலத்தில் அதன் சுண்ணாம்பு நீங்கி, அவ்விடத்தில் சிலிக்கா படிந்துள்ளது. ஆகவே அது கண்ணாடிபோல் கூராகப் பெயரும். அங்குள்ள பழங்குடியினர் அதைச் சூடேற்றிப் பதப்படுத்தி முனைகள் செய்தனர். இன்று சிலர் அதைப் பொழுதுபோக்காகச் செய்கின்றனர்.

நம் மாவட்டத்திலும் இக்கலை இருந்தது! சாயர்புரம், மெஞ்ஞானபுரம் தேரிகளில் கிடைத்த நுண்கற்கருவிகளைப் பற்றி ஸாய்னரும் பிரிட்ஜெட் ஆல்ச்சினும் 1956இல் ஆய்வுரை வெளியிட்டனர். அவை குவார்ட்ஸ், செர்ட் கற்களால் ஆனவை. பிறை வடிவச் சில்லுகளும், அழுத்திச் செதுக்கிய முனைகளும் அவற்றுள் உண்டு. வேதியியல் பயிலாத முன்னோர் கல்லின் குணத்தைக் கையால் அறிந்திருந்தனர்.

தோழியரே, பவளம் 2001 முதல் சட்டத்தின் பாதுகாப்பில் உள்ளது. தேரிக் கல்லோ, கிடந்த இடத்தை விட்டு அகன்றால் தன் வரலாற்றை இழந்துவிடும். ஆகவே அதைக் கண்டால் எடுக்காமல், இடத்தைக் குறித்து ஆசிரியையிடம் கூறுவோம்.