தூங்க மறுக்கும் லேப்டாப்

மூடியை மூடினால் லேப்டாப் தூங்கிவிடும் என்று நம்பித்தான் அதைப் பைக்குள் வைக்கிறோம். ராஜபாளையத்தில் பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கும்போது பை சூடாக இருந்தால் லேப்டாப் தூங்கவே இல்லை என்று பொருள். திரை மட்டும் அணைந்திருக்கும். ப்ராசஸரும் ஃபேனும் உள்ளே ஓடிக் கொண்டிருக்கும். காற்று போக வழியில்லாத பைக்குள் இப்படியே தினமும் ஓடினால் பேட்டரி சீக்கிரம் கெடும். பஸ்ஸின் குலுக்கலில், சுற்றிக் கொண்டிருக்கும் ஹார்ட் டிஸ்க்கும் பழுதாகலாம்.

இந்தத் தொல்லை பழைய லேப்டாப்களில் அதிகம். தமிழக அரசின் விலையில்லா லேப்டாப் திட்டம் 2011 செப்டம்பர் 15-ல் தொடங்கியது. எல்காட் நிறுவனம் கொள்முதல் செய்து கொடுத்த இந்த லேப்டாப்கள் 50 லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்களைச் சென்றடைந்தன. முதலில் வந்தவற்றில் விண்டோஸ் 7, சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் என இரண்டு ஆபரேட்டிங் சிஸ்டங்கள் இருந்தன. அக்காவுக்குக் கிடைத்ததை இன்று தம்பி பயன்படுத்தும் வீடுகள் பல உண்டு. சிலர் அதிலேயே விண்டோஸ் 10 நிறுவிக் கொண்டார்கள்.

விண்டோஸ் 7-க்கு மைக்ரோசாஃப்ட் தந்த ஆதரவு 2020 ஜனவரி 14-ல் முடிந்தது. விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது. ஆகவே, தூங்காத லேப்டாப்புக்கு புதிய அப்டேட் வந்து தீர்வு தரும் என்று காத்திருப்பதில் பயனில்லை. உடனே பார்மட் செய்யவும் வேண்டாம். காரணம் ஒரு தவறான டிரைவர் என்றால், பார்மட் செய்த பிறகும் அதே டிரைவரோடு அதே தொல்லை திரும்பி வரும். உங்கள் போட்டோக்களும் ப்ராஜெக்ட் பைல்களும்தான் போகும். காரணத்தைச் சொல்லும் கருவி ஒன்று விண்டோஸிலேயே உள்ளது. அதை எப்படிப் பயன்படுத்துவது என்று பார்ப்போம்.

ஸ்லீப், ஹைபர்னேட் - என்ன வேறுபாடு?

ஸ்லீப் நிலையில் ராம் மெமரிக்கு மட்டும் சிறிதளவு மின்சாரம் போய்க் கொண்டிருக்கும். மற்ற பாகங்கள் நின்றுவிடும். திறந்தவுடன் சில விநாடிகளில் விட்ட இடத்திலிருந்து வேலையைத் தொடரலாம். ஆனால் பேட்டரி தீர்ந்தால் சேமிக்காத வேலை அழிந்துவிடும். ஹைபர்னேட் நிலையில் ராமில் உள்ளவை எல்லாம் ஹார்ட் டிஸ்க்கில் எழுதப்பட்டு, லேப்டாப் முழுமையாக அணைந்துவிடும். திரும்ப வர சற்று அதிக நேரம் ஆகும். ஆனால் மின்சாரமே இல்லாவிட்டாலும் வேலை பத்திரமாக இருக்கும்.

முதல் சோதனை

எல்லா பைல்களையும் சேமித்துவிட்டு, மூடியை மூடாமல் ஸ்டார்ட் மெனுவில் ஸ்லீப் என்பதை கிளிக் செய்யுங்கள். ஃபேன் நின்று, பவர் விளக்கு விட்டு விட்டு எரிந்தால் ஸ்லீப் சரியாக வேலை செய்கிறது. அப்படியானால் மூடியைத்தான் கவனிக்க வேண்டும். கண்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ் சென்று, இடது பக்கம் உள்ள "சூஸ் வாட் க்ளோசிங் த லிட் டஸ்" என்பதை கிளிக் செய்யுங்கள். பேட்டரி, அடாப்டர் என்ற இரண்டு பத்திகளிலும் "டூ நத்திங்" என்று இல்லாமல் பார்த்துக் கொள்ளுங்கள். அங்கே சரியாக இருந்தும் மூடினால் தூங்கவில்லை என்றால், மூடியை உணரும் சென்சார் பழுதாகி இருக்கலாம்.

ஸ்டார்ட் மெனுவில் கொடுத்தும் தூங்கவில்லையா? லேப்டாப்பில் பாஸ் லினக்ஸ் இன்னும் இருந்தால் அதில் பூட் செய்து ஸ்லீப் கொடுத்துப் பாருங்கள். அங்கே ஒழுங்காகத் தூங்கி எழுந்தால் ஹார்டுவேர் நன்றாக உள்ளது, குறை விண்டோஸ் பக்கம்தான் என்று முடிவு செய்யலாம். ஒரு எச்சரிக்கை: விண்டோஸை ஹைபர்னேட் செய்த நிலையில் லினக்ஸுக்குப் போய் விண்டோஸ் டிரைவில் எதையும் எழுதாதீர்கள். பைல்கள் கெட்டுவிடும். விண்டோஸை முழுமையாக ஷட் டவுன் செய்த பிறகே போக வேண்டும்.

காரணம் சொல்லும் கட்டளை

ஸ்டார்ட் பட்டனை கிளிக் செய்து, சி, எம், டி என்ற மூன்று ஆங்கில எழுத்துகளை டைப் செய்யுங்கள். மேலே வரும் ஐகானில் ரைட் கிளிக் செய்து "ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்" என்பதைத் தேர்ந்தெடுங்கள். கருப்பு விண்டோ ஒன்று திறக்கும். அதில் தர வேண்டிய கட்டளையின் பெயர் பவர்சிஎஃப்ஜி. பவர் என்ற ஆங்கிலச் சொல்லை டைப் செய்து, இடைவெளி விடாமல் சி, எஃப், ஜி என்ற எழுத்துகளைச் சேர்க்க வேண்டும். பிறகு ஒரு ஸ்பேஸ், ஒரு ஹைபன், அதை ஒட்டி கீழே சொல்லும் சொல். கடைசியில் என்டர்.

1. ஹைபனுக்குப் பின் ஏ என்ற ஒரே எழுத்து: உங்கள் லேப்டாப்புக்கு எந்தெந்த தூக்க நிலைகள் கிடைக்கும் என்ற பட்டியல் வரும். மேல் பகுதியில் எஸ்3 என்று இருந்தால் ஸ்லீப் உண்டு. கீழ்ப் பகுதியில், அதாவது கிடைக்காதவை பட்டியலில் எஸ்3 இருந்து, காரணமாக கிராபிக்ஸ் என்று குறிப்பிட்டிருந்தால், டிஸ்ப்ளே டிரைவர் இல்லை என்று அர்த்தம். டிவைஸ் மேனேஜரில் டிஸ்ப்ளே அடாப்டர்ஸ் என்பதைத் திறந்து பாருங்கள். விண்டோஸ் 7-ல் "ஸ்டாண்டர்ட் விஜிஏ கிராபிக்ஸ் அடாப்டர்" என்றோ, விண்டோஸ் 10-ல் "மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர்" என்றோ இருக்கும். அது தற்காலிக டிரைவர். படம் காட்டும், தூங்க விடாது. லேப்டாப்பின் அடியில் உள்ள மாடல் எண்ணைக் குறித்துக் கொண்டு, தயாரித்த நிறுவனத்தின் இணையதளத்தில் உங்கள் விண்டோஸுக்கான டிஸ்ப்ளே டிரைவரை எடுத்து நிறுவுங்கள்.

2. ஹைபனுக்குப் பின் ரிக்வெஸ்ட்ஸ்: இது தூக்கத்தைத் தடுப்பது யார் என்று பெயர் சொல்லும். பின்னணியில் ஓடும் பாட்டு, முடியாத டவுன்லோடு, நெட்வொர்க்கில் வேறொருவர் திறந்து வைத்துள்ள பைல் ஆகியவை இங்கே அடிக்கடி தென்படும். அந்த புரோகிராமை மூடிவிட்டு மீண்டும் கட்டளையைக் கொடுத்துப் பாருங்கள். எல்லா இடத்திலும் "நன்" என்று வர வேண்டும்.

3. ஹைபனுக்குப் பின் லாஸ்ட்வேக், இரண்டு சொற்களையும் சேர்த்து: இரவில் தானாக விழித்துக் கொள்ளும் லேப்டாப்புக்கு இது. கடைசியாக எழுப்பியது மவுஸா, நெட்வொர்க் கார்டா என்று காட்டும். டிவைஸ் மேனேஜரில் அந்தப் பொருளின் பிராப்பர்ட்டீஸில் பவர் மேனேஜ்மென்ட் டேபுக்குச் சென்று, "அலோ திஸ் டிவைஸ் டு வேக் த கம்ப்யூட்டர்" என்பதில் உள்ள டிக்கை எடுத்துவிடுங்கள்.

எந்தப் பொருளும் காரணமாக வராவிட்டால், குறித்த நேரத்தில் எழுப்பும் டைமராக இருக்கலாம். பவர் ஆப்ஷன்ஸில் சேஞ்ச் பிளான் செட்டிங்ஸ், அதில் சேஞ்ச் அட்வான்ஸ்டு பவர் செட்டிங்ஸ் சென்று, ஸ்லீப் என்பதன் கீழ் "அலோ வேக் டைமர்ஸ்" என்பதை டிசேபிள் செய்யுங்கள்.

திரை அணைகிறது, ஃபேன் நிற்கவில்லை

விண்டோஸ் 7 காலத்து லேப்டாப்பில் விண்டோஸ் 10 நிறுவியவர்கள் அதிகம் சந்திப்பது இதைத்தான். பை சூடாவதற்கும் இது ஒரு முக்கிய காரணம். இன்டெல் மேனேஜ்மென்ட் இன்ஜின் இன்டர்ஃபேஸ் என்ற டிரைவரின் 11-ம் பதிப்பை விண்டோஸ் 10 தானாகவே நிறுவிவிடும். சில பழைய மாடல்களுக்கு அது ஒத்துப் போவதில்லை. டிவைஸ் மேனேஜரில் சிஸ்டம் டிவைசஸ் என்பதன் கீழ் அதன் பதிப்பு எண்ணைப் பாருங்கள். 11 என்று தொடங்கினால், உங்கள் மாடலுக்கு நிறுவனம் தந்துள்ள 9 அல்லது 10-ம் பதிப்பை நிறுவிப் பாருங்கள்.

தூங்கிய லேப்டாப் எழும்போது திரை கருப்பாகவே இருந்தால் மேலே சொன்ன டிஸ்ப்ளே டிரைவரைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். எழுந்த பிறகு வைஃபை மட்டும் கிடைக்கவில்லை என்றால், வைஃபை அடாப்டரின் பவர் மேனேஜ்மென்ட் டேபில் "அலோ த கம்ப்யூட்டர் டு டர்ன் ஆஃப் திஸ் டிவைஸ்" என்பதில் டிக்கை எடுத்துவிடுங்கள்.

எதுவும் பலிக்கவில்லையா?

ஹைபர்னேட் இருக்கிறது. பவர்சிஎஃப்ஜி கட்டளையில் ஹைபனுக்குப் பின் எச் என்ற எழுத்து, ஒரு ஸ்பேஸ், ஆன் என்ற சொல் ஆகியவற்றைத் தந்தால் ஹைபர்னேட் வசதி இயங்கத் தொடங்கும். மூடியை மூடினால் ஸ்லீப் என்பதற்குப் பதில் ஹைபர்னேட் என்று மாற்றிவிடுங்கள். இதற்காக சி டிரைவில் சில ஜிபி இடம் தேவைப்படும்.

பேட்டரி செத்துப் போய் அடாப்டரில் மட்டும் ஓடும் லேப்டாப்புக்கு ஸ்லீப்பை விட ஹைபர்னேட்டே நல்லது. மாதாந்திர பராமரிப்புக்காக கரண்ட் போகும் நாளில், ஸ்லீப்பில் வைத்துவிட்டுப் போன வேலை ஒரு நொடியில் காணாமல் போகும். உங்கள் பேட்டரியின் நிலையை அறிய, ஹைபனுக்குப் பின் எனர்ஜி என்று கொடுங்கள். 60 விநாடிகள் கவனித்துவிட்டு ஓர் அறிக்கை தயாரிக்கும். அதில் டிசைன் கெபாசிட்டி, லாஸ்ட் ஃபுல் சார்ஜ் என்ற இரண்டு எண்களை ஒப்பிடுங்கள். இரண்டாவது எண் முதல் எண்ணில் பாதிக்கும் குறைவாக இருந்தால் ஸ்லீப்பை நம்பாதீர்கள்.

நூற்பாலைகள் நிறைந்த ராஜபாளையத்திலும், பேண்டேஜ் துணி நெய்யும் சத்திரப்பட்டி பக்கத்திலும் இருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பஞ்சுத் தூசி ஃபேனின் காற்று வழியை அடைத்துக் கொள்ளும். தூங்காத லேப்டாப் இருமடங்கு சூடாவது இதனால்தான். ஆண்டுக்கு ஒரு முறையாவது திறந்து சுத்தம் செய்யச் சொல்லுங்கள்.

கவனமாக இருக்க வேண்டியவை

டிரைவர்களைத் தானாகக் கண்டுபிடித்துத் தருவதாகச் சொல்லும் இலவச புரோகிராம்களை நிறுவ வேண்டாம். வைரஸும் விளம்பரமும் இவற்றோடு சேர்ந்து வருவதுண்டு. டிரைவர் மாற்றும் முன் சிஸ்டம் ரீஸ்டோர் பாயின்ட் ஒன்றை உருவாக்கி, முக்கியமான பைல்களை பென் டிரைவில் காப்பி செய்து கொள்ளுங்கள். ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம் செய்து, ஸ்லீப் கொடுத்துப் பார்த்த பிறகே அடுத்ததற்குச் செல்லுங்கள். அப்போதுதான் எது பலித்தது என்று தெரியும்.

ஸ்லீப் சரியாகிவிட்டது என்பதற்காக லேப்டாப் பாதுகாப்பானதாகி விடாது. விண்டோஸ் 7-க்கு பாதுகாப்பு அப்டேட்கள் வருவதில்லை. கூகுள் குரோம் பிரவுசரும் 2023-ல் 109-ம் பதிப்போடு விண்டோஸ் 7-ஐக் கைவிட்டது. ஆகவே டைப்பிங், பாடம், படம் பார்ப்பது போன்றவற்றுக்கு இதைத் தாராளமாகப் பயன்படுத்துங்கள். பேங்க் வேலைகளை மட்டும் வேறு கருவியில் வைத்துக் கொள்ளுங்கள்.