திரும்பி வரும் கத்தி

கிள்ளை

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமா எழுதுவது. அத்தைக்கு முட்டிவலி கொஞ்சம் தேவலை.

நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய படங்களைக் கண்ணாடி போட்டுக்கொண்டு நாலு தரம் பார்த்தேன். எல்லாம் வேட்டைக் கத்தி. மான் கொம்புப் பிடி, தோல் உறை, அலகு நெடுக அலையலையாய் வரி. 'ஒண்ணொண்ணும் பத்தாயிரத்துக்குப் போகுது மாமா, கத்துக்குடுங்க, வேலையை விட்டுட்டு வந்துடறேன்' என்று கீழே ஒரு வரி. போனில் பேசினால் நடுவில் 'சரி மாமா, சரி மாமா' போட்டு முடித்துவிடுவாய். கடிதத்தில் அது நடக்காது. உட்கார்ந்து படி.

மான் கொம்பை இன்றோடு மறந்துவிடு. 1972 வனவிலங்குச் சட்டம் இருக்கிற நாட்டில் அந்தப் பிடியைப் போட்டு விற்றால், கத்தி போய்ச் சேருவதற்கு முன்னால் வனத்துறை உன்னிடம் வந்து சேரும். ஆயுத விதியிலும் ஒன்று இருக்கிறது: வீட்டு வேலை, விவசாயம், தொழிலுக்கு அல்லாத கத்தி 9 அங்குல நீளத்தையோ 2 அங்குல அகலத்தையோ தாண்டினால் அது ஆயுதக் கணக்கு. 2021 செப்டம்பரில் போலீஸ்காரர்கள் பட்டறை பட்டறையாய் வந்து, வாங்குகிறவன் பெயரும் முகவரியும் எழுதி வை என்றார்கள். நான் அன்றிலிருந்து ஒரு நோட்டு போட்டிருக்கிறேன். அதற்கு முன்னாலும் எனக்கு அது மனப்பாடம்தான். என்னிடம் வாங்குகிறவர்களில் யார் வீட்டில் எந்த அரிவாள் இருக்கிறது என்று கேள், சொல்கிறேன்.

பிச்சாவரத்தில் வேட்டை எப்படி நடக்கிறது என்று நீயே சின்ன வயதில் பார்த்திருக்கிறாய். இருளர் ஆட்கள் பறியைப் பல்லில் கவ்விக்கொண்டு, வாய்க்கால் சேற்றில் தவழ்ந்து, இறாலைக் கையால் தடவிப் பிடிக்கிறார்கள். அந்த வேட்டைக்குக் கத்தியே வேண்டாம். சுரபுன்னையில் ஒரு கிளை கழிக்கவும் முடியாது, காப்புக்காடு. 2022-ல் ராம்சார் ஈரநிலப் பட்டியலிலும் ஏறிவிட்டது. ஆக உன் வேட்டைக் கத்தியை வாங்குகிறவன் இங்கே இல்லை. எங்கோ ஒரு ஊரில் வாங்கி, கண்ணாடி அலமாரியில் வைப்பான். தப்பில்லை. ஆனால் அவன் அதைக்கொண்டு ஒன்றையும் அறுக்கமாட்டான். நீ அடித்தது நல்ல கத்தியா, பொய்க் கத்தியா என்று உனக்குச் சாகும்வரை தெரியாது. என் கவலை அதுதான்.

எனக்கு எப்படித் தெரிந்தது, சொல்கிறேன். இருபத்திரண்டு வயசு. ஐப்பசி அடைமழை, பட்டறைக் கூரை ஒழுகுகிறது, கரி ஈரம். மீன் விற்கும் அம்மா ஒருவருக்கு அருவாமனை நாளைக்கே வேண்டும். நல்லாக் காய்ச்சி, எண்ணெயில் முக்கி, அரத்தை வைத்துப் பார்த்தேன், வழுக்கிக்கொண்டு போனது. அத்தனை கெட்டி! அந்தக் குஷியில் பதம் இறக்காமல் சாணை பிடித்துக் கொடுத்துவிட்டேன். மறுநாள் காலையில் அந்த அம்மா வந்தார். ஒன்றும் பேசவில்லை. என் கட்டைவிரலைப் பிடித்து, அருவாமனை வாயில் மேலிருந்து கீழே மெதுவாக ஓட்டினார். நடுவில் ஓர் இடத்தில் நகம் மாட்டியது. அரிசி முனை அளவுக்குச் சில்லு போயிருந்தது. கெளுத்தித் தலையை நறுக்கும்போது தெறித்த சில்லு. 'இது எந்த வீட்டுக் கொழம்புல கெடக்கோ' என்றார். அவ்வளவுதான். உன் தாத்தா அன்றைக்கு என்னைத் திட்டவில்லை, அடிக்கவில்லை. காசைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, என்னைத் துருத்திப் பக்கம் அனுப்பிவிட்டார். ஆறு மாதம் சுத்தியைத் தொடவிடவில்லை.

கத்தி திரும்பி வரவேண்டும், மாப்பிள்ளை. குறையோடு ஒருமுறையாவது வரவேண்டும். அதைத் தவிர வேறு வாத்தியார் இந்தத் தொழிலில் இல்லை.

இனி வேலை. இரும்பு எதில் எடுப்பது என்று கேட்டிருந்தாய். கட்டடக் கம்பி வேண்டாம். அதில் கரிச்சத்து நூற்றில் கால் பங்குகூட வராது, எப்படிக் காய்ச்சி முக்கித் துவைச்சல் கொடுத்தாலும் கூர் நிற்காது. லாரிப் பட்டை எடு. அதில் அரைப் பங்குக்குச் சற்று மேலே இருக்கும், நமக்கு அது போதும். ஆனால் பழைய பட்டை லட்சம் மைல் குலுங்கி வந்தது, உள்ளே மயிரிழை விரிசல் ஒளிந்திருக்கும். மண்ணெண்ணெய் தடவி, கொஞ்ச நேரம் விட்டு, நன்றாகத் துடைத்துவிட்டுச் சாக்பீஸ் மாவைத் தேய். விரிசல் இருந்தால் உள்ளே குடித்த எண்ணெயைக் கக்கும். வெள்ளை மாவில் ஈரக்கோடு தெரியும். அந்தத் துண்டைப் பழைய இரும்புக்கே திருப்பிப் போடு. நாகம் பூசிய இரும்பை மட்டும் உலையில் வைத்துவிடாதே, அந்தப் புகை ஆளைப் படுக்கவைத்துவிடும்.

கரி சீமைக்கருவேலங்கரிதான். நிலக்கரியில் கந்தகம் உண்டு, அது இரும்புக்கு ஆகாது. கரி என்றதும் ஞாபகம் வருகிறது. இங்கே பக்கத்தில், நம் பரங்கிப்பேட்டையில்தான், 1830-ல் ஜோசையா மார்ஷல் ஹீத் என்கிற வெள்ளைக்காரர் இரும்பாலை வைத்தார். சேலத்து இரும்புக்கல்லைப் படகில் ஆற்றோடு இறக்கிக் கொண்டுவந்து, மரக்கரியில் உருக்கினார்கள். அந்த உலை தின்ற காடு கொஞ்சமா! கரி கிடைக்காமல் போனதுதான் ஆலை நொடித்ததற்குப் பெரிய காரணம். அதே ஹீத் சீமைக்குப் போய், உருக்கில் மாங்கனீசு சேர்க்கிற வழிக்கு 1839-ல் காப்புரிமை வாங்கினார். ஷெஃபீல்டுக்காரர்கள் அந்த வழியில் பணம் பார்த்தார்கள். அவருக்குக் கோர்ட் செலவுதான் மிச்சம், 1851-ல் போய்ச் சேர்ந்தார். கடல்போல உலை வைத்தவர் கதை அது. நம்முடையது ஒரு கூடைக் கரி பிடிக்கும் உலை, இன்னும் எரிகிறது. (அத்தை இதைப் படித்தால் 'எரிஞ்சு என்ன சம்பாதிச்சீங்க' என்பாள்.)

அடிப்பதை நீ சீக்கிரம் கற்றுக்கொள்வாய், கை பலம் இருக்கிறது. இரும்பு ஆரஞ்சுப் பழ நிறத்தில் இருக்கும்போது அடி. செங்கல் நிறத்துக்கு இறங்கினால் நிறுத்திவிட்டு மறுபடி உலைக்குக் கொண்டுபோ. ஆறின இரும்பை அடித்தால் அடி உள்ளே விரிசலாக இறங்கும். கவனம் தப்பி இரும்பு மத்தாப்பு விட்டதோ, அந்த முனை கருகிப்போனது, வெட்டி எறி. வாயை ஒரு ரூபாய்க் காசு கனத்துக்குமேல் மெலிக்காதே. மெலிந்தால் முக்கும்போது கோணும். உருவம் வந்தபிறகு மூன்று தரம் சிவக்கக் காய்ச்சி வெறும் காற்றில் ஆறவிடு, அப்போதுதான் அடிபட்ட இரும்பின் உடம்பு வலி தீரும். பிறகு இன்னொரு தரம் சிவக்கக் காய்ச்சி, ராத்திரி முழுக்கச் சாம்பலில் புதைத்து வைத்தால், காலையில் அரத்துக்கு வெண்ணெய் போல இளகும்.

துவைச்சலுக்கு ட்யூப்லைட்டை அணைத்துவிட வேண்டும். வெளிச்சத்தில் நிறம் பொய் சொல்லும். உன் தாத்தா கண்ணால் பார்த்தார். உனக்கு அந்தக் கண் வரும்வரை காந்தத்தை வைத்துக்கொள். சுமார் 770 டிகிரியில் இரும்பு காந்தத்தை விட்டுவிடும். ஒட்டவில்லையா, இன்னும் ஒரு மூச்சு சூடு கொடுத்து, வெதுவெதுப்பான எண்ணெயில் முனையை முன்னால் விட்டு நேராக இறக்கு. பக்கவாட்டில் ஆட்டாதே. 'டிக்' என்று சின்னதாக ஒரு சத்தம் கேட்டால் கத்தியை வெளியே எடுத்துப் பார்க்கவே வேண்டாம், விரிசல் விட்டாயிற்று.

சத்தம் இல்லாமல் வந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. மறுபாதி, நான் அன்றைக்கு விட்ட பதம் இறக்குகிற வேலை. வாயைக் கல்லில் தேய்த்து வெள்ளையாக்கிக்கொண்டு, முதுகுப் பக்கத்திலிருந்து மெல்லச் சூடு ஏற்று. நிறம் முதுகிலிருந்து வாய்க்கு நடந்து வருவதைப் பார்க்கலாம். முதலில் வைக்கோல், அப்புறம் கருப்பட்டி, அப்புறம் கத்தரிப்பூ, கடைசியில் மயில்கழுத்து. அருவாமனை வாயில் கருப்பட்டி வந்ததும் தண்ணீரில் போடு. கட்டை பிளக்கும் வெட்டரிவாள் என்றால் கத்தரிப்பூ வரைக்கும் விடு. இந்த இரண்டு நிறத்துக்கும் நடுவில் இருப்பது ஒரு வெற்றிலை மெல்லும் நேரம்கூட இல்லை. சாணை பிடித்தால் அந்த நிறமும் போய்விடும். வாங்குகிறவன் கண்ணுக்கு எதுவும் தெரியாது. நீ செய்தாயா, விட்டாயா என்பது உனக்கும் கெளுத்தித் தலைக்கும் மட்டும் தெரிந்த விஷயம்.

படத்தில் இருந்த வரியைப் பற்றி ஒரு வார்த்தை. இரண்டு சாதி இரும்பை அடுக்கிப் பற்றவைத்து, மடித்து மடித்து அடித்து, கடைசியில் ஆசிட்டில் முக்கினால் அந்த வரி வரும். அதற்கு டமாஸ்கஸ் என்று பேர் வைத்து விற்கிறார்கள். கைவேலைதான், குறை சொல்லமாட்டேன். ஆனால் பழைய டமாஸ்கஸ் வாளின் வரி வேறு. அது நம் பக்கத்து உருக்கு: மூசையில் இரும்பையும் கரிப்பொருளையும் இட்டு, மண் பூசி மூடி உருக்கி, மெள்ள ஆறவிட்டதால் தானே உள்ளே விளைந்த வரி. அதன் ரகசியத்தைத் தேடி 1795-ல் பியர்சன் என்கிறவர் லண்டன் ராயல் சொசைட்டியில் கட்டுரை படித்தார். 1819-லிருந்து ஃபாரடேயே சில வருஷம் உலையோடு மல்லுக்கட்டினார். ஆசிட் வரியை அந்த உருக்கு என்று சொல்லி மட்டும் நீ விற்காதே.

வருமானம் பற்றி மறைக்க ஒன்றுமில்லை. அறுவடை மெஷின் வந்தபிறகு தை மாதத்துக் கதிரரிவாள் வியாபாரம் போய்விட்டது. அருவாமனை, வெட்டரிவாள், மண்வெட்டி, கடப்பாரை முனை தட்டுவது, இவைதான் மிச்சம். உப்புக்காற்று புண்ணியத்தில் எல்லாம் சீக்கிரம் துருப்பிடித்துப் பட்டறைக்கு வந்துவிடும். இருந்தாலும் வேலையை இப்போது விடாதே. ஆருத்ரா தரிசனம் முடிந்ததும் பத்து நாள் லீவு போட்டுவிட்டு வா. முதலில் ஓர் அருவாமனை அடிப்பாய். அதைப் படகுத்துறை ரோட்டில் மீன் வெட்டுகிறவர்களிடம் காசு வாங்காமல் கொடுத்துவிடுவோம். ஆடி வரைக்கும் சில்லு போகாமல் இருந்தால் உன் வேட்டைக் கத்தியைப் பற்றிப் பேசலாம், நானே சம்மட்டி போடுகிறேன்.

ஒன்றரை அடி லாரிப் பட்டை பார்த்து எடுத்து வைத்திருக்கிறேன். வரும்போது பழைய ஸ்பீக்கர் காந்தம் ஒன்று கிடைத்தால் வாங்கி வா. என்னிடம் இருந்தது கீழே விழுந்து இரண்டாகிவிட்டது.

உன் மாமா