ஆங்கிலம் அறிவோம்: ஒரு நம்பிக்கை, பல சொற்கள்



இம்முறை பாடத்தை ஒரு சிறிய சம்பவத்தோடு தொடங்குவோம். என்னிடம் படித்த லயத்துப் பிள்ளை ஒருத்தி, சாதாரண தரப் பரீட்சையில் சித்தியடைந்த பிறகு டவுனில் ஒரு கடையில் காசாளர் வேலைக்கு நேர்முகப் பரீட்சைக்குப் போனாள். அங்கிருந்த பெரியவர் ஆங்கிலத்தில், "ஆர் யூ கொன்ஃபிடன்ட்?" என்று கேட்டார்.

கொன்ஃபிடன்ஸ் என்றால் நம்பிக்கை என்று அகராதியில் படித்திருந்தாள். "நீ நம்பிக்கையான ஆளா?" என்று கேட்கிறார் என நினைத்து, "நாங்க யார் காசையும் தொட மாட்டோம் சேர்" என்று சொல்லிவிட்டாள். அவர் சிரித்துவிட்டார். பிள்ளை அழுதுகொண்டே வீட்டுக்கு வந்தாள். "எங்களப் பார்த்தா களவெடுக்கிற ஆளுங்க மாதிரியா தெரியுது டீச்சர்?" என்று என்னிடம் கேட்டாள்.

அந்தப் பெரியவர் கேட்டது, "இந்த வேலையை உன்னால் செய்ய முடியும் என்ற தைரியம் உனக்கு இருக்கிறதா?" என்பதைத்தான். தவறு பிள்ளையுடையதல்ல. தமிழில் 'நம்பிக்கை' என்ற ஒரே சொல்லைப் பல இடங்களில் பாவிக்கிறோம். ஆங்கிலத்தில் இடத்துக்கு இடம் வேறு வேறு சொல். அவற்றைப் பிரித்தறிவதே இன்றைய பாடம்.

1. நம் உள்ளே இருக்கும் நம்பிக்கை

'கொன்ஃபிடன்ட்' என்றால் "என்னால் முடியும்" என்ற மனத்திடம் உள்ளவர். 'கொன்ஃபிடன்ஸ்' அந்தத் திடத்தின் பெயர். தன்னம்பிக்கை என்று விளக்கமாகச் சொல்ல 'செல்ஃப் கொன்ஃபிடன்ஸ்' என்பார்கள்.

இது சும்மா வருவதில்லை, பழக்கத்தால் வருவது. இருபது வருடம் கொழுந்து பறித்த அம்மாவைப் பாருங்கள். பக்கத்து நிரையில் இருப்பவரோடு கதைத்துக்கொண்டே பறிப்பார், ஆனால் இரண்டு இலையும் ஒரு மொட்டும் சரியாகக் கைக்கு வரும். அதுதான் கொன்ஃபிடன்ஸ்.

அளவு மிஞ்சினால் 'ஓவர் கொன்ஃபிடன்ட்'. மழை நாளில் சறுக்கும் பாதையில், "எனக்குத் தெரியாத பாதையா?" என்று பார்க்காமல் ஓடுபவர் இந்த ரகம். 'அரகன்ட்' என்பது இன்னொன்று. மற்றவர்களைத் தாழ்வாக நினைக்கும் தலைக்கனம் அது. நிமிர்ந்து பதில் சொல்வது தலைக்கனம் என்று சில பிள்ளைகள் பயப்படுகிறார்கள். அப்படியல்ல. யாரையும் குறைக்காமல் தன் திறமையைச் சொல்வது கொன்ஃபிடன்ஸ்தான்.

2. அடுத்தவர் மேல் வைக்கும் நம்பிக்கை

'டிரஸ்ட்' என்றால் ஒருவரை நம்பி நமது பொருளையோ, பொறுப்பையோ ஒப்படைப்பது. காலையில் பிள்ளையைப் பிள்ளை மடுவத்தில் விட்டுவிட்டு மலைக்குப் போகிறோமே, அங்கே நாம் வைப்பது டிரஸ்ட். அப்படி நம்பத் தகுந்தவர் 'டிரஸ்ட்வர்தி'. நமது பிள்ளை, "நீ நம்பிக்கையான ஆளா?" என்று நினைத்துப் பதில் சொன்னது இந்தச் சொல்லுக்குத்தான்.

'பிலீவ்' என்றால் சொல்லும் பேச்சை உண்மை என்று ஏற்பது. "ஐ பிலீவ் யூ" என்றால், நீ சொல்வது உண்மை என்று நம்புகிறேன். "ஐ டிரஸ்ட் யூ" அதைவிடப் பெரியது. உன்னையே நம்புகிறேன் என்பது அதன் பொருள். "ஐ பிலீவ் இன் யூ" என்றால், உன்னால் முடியும் என்று நம்புகிறேன். பரீட்சைக்குப் போகும் பிள்ளையிடம் சொல்ல ஏற்ற வசனம் இது.

'ரிலை' என்றால், ஒருவர் தன் வேலையைத் தவறாமல் செய்வார் என்று அவரை எதிர்பார்த்து இருப்பது. நாளும் பெரட்டுக்கு நேரத்தோடு வருபவரை 'ரிலையபிள்' என்பார்கள்.

இறை நம்பிக்கைக்கு 'ஃபெயித்'. "நாளைக்கு வெயில் அடிக்கும்னு நம்புறேன்" என்று சொல்கிறோமே, அது வெறும் எதிர்பார்ப்பு. அதற்கு 'ஹோப்'.

3. காதை ஏமாற்றும் சொற்கள்

'கொன்ஃபிடென்ஷியல்' என்று ஒரு கடித உறையில் இருந்தால், அது அந்தரங்கம், உரியவர் மட்டும் பிரிக்க வேண்டும் என்று அர்த்தம். தன்னம்பிக்கை உள்ளவர் என்று சொல்ல நினைத்து, "ஐ ஆம் கொன்ஃபிடென்ஷியல்" என்று சொல்லிவிடாதீர்கள்.

நமது இரகசியத்தைச் சொல்லக்கூடிய நெருங்கியவருக்கும் ஏறக்குறைய 'கொன்ஃபிடன்ட்' போலவே ஒலிக்கும் ஒரு சொல் உண்டு. எழுத்தில், கடைசிப் பகுதியில் 'ஈ' என்ற ஆங்கில எழுத்துக்குப் பதில் 'ஏ' வரும். இந்தச் சொற்கள் எல்லாம் ஒரு குடும்பம். நம்புதல் என்று பொருள்படும் 'ஃபிடெரே' என்ற லத்தீன் சொல்லே அவற்றின் வேர்.

4. டிரஸ்ட் என்றால் பொறுப்பும் கூட

'டிரஸ்ட்' என்பதற்குச் சட்டத்திலும் ஒரு பொருள் உண்டு. ஒருவரின் நன்மைக்காக இன்னொருவர் பொறுப்பேற்றுச் சொத்தையோ பணத்தையோ பாதுகாத்து நடத்தும் ஏற்பாடு அது. அதனால்தான் ஈ.டி.எஃப். என்று நாம் சொல்வதைத் தமிழில் ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியம் என்று எழுதுகிறார்கள். 'நம்பிக்கை'யோடு 'பொறுப்பு' சேர்ந்திருப்பதைக் கவனியுங்கள். 1980ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த இந்த நிதியத்துக்கு, தொழில் கொள்வோர் நமது சம்பாத்தியத்தில் 3 சதவீதத்துக்குச் சமமான தொகையைத் தன் பணத்திலிருந்து செலுத்த வேண்டும். அதை நமது சம்பளத்தில் வெட்ட முடியாது. ஆகவே டிரஸ்ட் என்றால் கண்ணை மூடிக்கொண்டு இருப்பதல்ல. நமக்காக வைத்திருப்பவரிடம் கணக்குக் கேட்பதும் அதில் அடங்கும்.

5. நம்பிக்கையை முதலாக்கிய திருடன்

1849இல் நியூயோர்க் நகரத்தில் வில்லியம் தொம்ஸன் என்ற ஒருவன் பிடிபட்டான். நல்ல உடுப்போடு வந்து, முன்பே தெரிந்தவன் போல வழியில் போகிறவர்களிடம் கதை கொடுப்பான். பிறகு, நாளை வரைக்கும் உங்கள் கடிகாரத்தை என்னிடம் விட்டுவைக்கும் அளவுக்கு என்மேல் கொன்ஃபிடன்ஸ் இருக்கிறதா என்று கேட்பான். இல்லை என்று சொல்ல வெட்கப்பட்டுச் சிலர் எடுத்துக் கொடுத்தார்கள். அவன் போனவன் போனவன்தான். பத்திரிகைகள் அவனுக்கு 'கொன்ஃபிடன்ஸ் மேன்' என்று பெயர் வைத்தன. நயமாகப் பேசி ஏமாற்றுபவனை இன்றும் ஆங்கிலத்தில் 'கொன் மேன்' என்பது இதன் சுருக்கம்தான்.

நமது வாசலுக்கும் இப்படிப்பட்டவர்கள் வரலாம். "வெளிநாட்டு வேலை நிச்சயம், பாஸ்போட்டையும் காசையும் தாங்க, ஐ அஷ்யூர் யூ" என்று ஒருவர் சொன்னால் கவனியுங்கள். 'அஷ்யூர்' என்றால் உறுதியாகச் சொல்கிறேன் என்பது மட்டுமே. அது வாய்ப் பேச்சு. அனுமதிப்பத்திரம் எங்கே, பற்றுச்சீட்டு எங்கே என்று கேளுங்கள். பேசுகிறவரின் கொன்ஃபிடன்ஸைப் பார்த்து நமது டிரஸ்டைக் கொடுத்துவிடக் கூடாது.

பயிற்சி

கீழே உள்ளவற்றுக்குப் பொருத்தமான ஆங்கிலச் சொல் எது?

அ. "இந்த முறை கணக்குப் பாடத்தில் கட்டாயம் பாஸ் பண்ணுவேன், நல்லாப் படிச்சிருக்கேன்."
ஆ. "அக்கா, வீட்டுச் சாவி உங்ககிட்ட இருக்கட்டும்."
இ. "தம்பி சுகமா வந்து சேருவான்னு நம்புறோம்."
ஈ. "இந்தக் கடிதத்தை வேற யாரும் பிரிக்கக் கூடாது."

விடைகள்: அ. கொன்ஃபிடன்ட். ஆ. டிரஸ்ட். இ. ஹோப். ஈ. கொன்ஃபிடென்ஷியல்.

அந்தப் பிள்ளையின் கதையை முடித்துவிடுகிறேன். ஒரு வாரம் இந்தச் சொற்களை இருவரும் சொல்லிச் சொல்லிப் பழகினோம். அடுத்த மாதம் வேறொரு கடைக்குப் போனாள். அங்கே யாரும் இந்தக் கேள்வியைக் கேட்கவில்லையாம். கடைசியில் அவளே, "ஐ ஆம் கொன்ஃபிடன்ட், சேர். யூ கேன் டிரஸ்ட் மீ" என்று சொல்லியிருக்கிறாள். வேலை கிடைத்தது. நீங்களும் இன்று இரவு சாப்பிட்ட பிறகு, வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து இந்த இரண்டு வசனத்தையும் சத்தமாகச் சொல்லிப் பாருங்கள்.