படிவத்தை முதலில் திறங்கள்

பொழிச்சலூரில் குடியிருந்து ஜிஎஸ்டி சாலையோரக் கல்லூரி ஒன்றில் வேதியியல் கற்பிக்கும் இளம் விரிவுரையாளருக்கு,

ஆய்வு நிதி கேட்டு முதல் விண்ணப்பம் போடப் போகிறீர்கள். பம்மல், நாகல்கேணி, பொழிச்சலூர் பக்கத்துக் கிணறுகளிலும் ஆழ்துளைக் கிணறுகளிலும் குரோமியம் எந்த வடிவத்தில் கிடக்கிறது, ஐப்பசி கார்த்திகையில் அடையாறு பெருகும்போது அது என்ன ஆகிறது என்பது உங்கள் கேள்வி. தோல் பதனிடும் தொழில் பல தலைமுறைகளாக நடந்த மண்ணில் இதைவிட நியாயமான கேள்வி கிடைப்பது அரிது. கேள்வியைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல ஒன்றுமில்லை. விண்ணப்பத்தைத் தயாரிக்கும் வரிசையைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். நம் கல்லூரிகளில் வழக்கம் இப்படி: இருபது பக்கம் வேர்டில் எழுதி, வழிகாட்டியிடம் காட்டி, திருத்தி, மெருகேற்றி, கெடு முடிய இரண்டு நாள் இருக்கும்போது இணையதளத்தைத் திறந்து அதிலிருந்து இதில் வெட்டி ஒட்டுவது. இந்த வரிசையைத் தலைகீழாக்குங்கள் என்பதே என் வாதம். அறிவிப்பு வந்த அன்றே கணக்குத் தொடங்கி, படிவத்தின் எல்லாப் பக்கங்களையும் திறந்து, எல்லாப் பெட்டிகளையும் தோராயமாகவேனும் நிரப்பிவிடுங்கள். திட்டக் கட்டுரையை அதற்குப் பிறகு எழுதுங்கள்.

காரணம் எளிது. அந்தப் பெட்டிகளை அமைத்தவர்கள் ஆய்வுகள் எங்கெங்கே நொறுங்கும் என்று பார்த்துப் பார்த்து அமைத்திருக்கிறார்கள். 2008-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்து ஆய்வு நிதி வழங்கிவந்த மத்திய வாரியமான எஸ்இஆர்பி 2024 பிப்ரவரியில் ஏஎன்ஆர்எஃப் என்ற புதிய அறக்கட்டளைக்குள் போய்விட்டது. திட்டங்களின் பெயரும் இணைய முகவரியும் மாறின. ஆகவே மூத்தவர்கள் தரும் பழைய மாதிரி விண்ணப்பத்தை அப்படியே நம்ப வேண்டாம். ஆனால் படிவம் கேட்கும் அடிப்படைக் கேள்விகள் பெரிதாக மாறவில்லை: எந்தக் கருவி, ஏன் வேண்டும், அருகில் வேறெங்கும் இல்லையா, எத்தனை ஆள், எந்த மாதத்தில் எந்த வேலை, எந்த ஆண்டில் எவ்வளவு செலவு.

உங்கள் கேள்வியையே எடுத்துக்கொள்வோம். கட்டுரையை முதலில் எழுதினால் “நவீனக் கருவிகளின் உதவியுடன் குரோமியத்தின் அளவும் வடிவமும் கண்டறியப்படும்” என்று ஒரு வரி எழுதிவிட்டு நகர்ந்துவிடுவீர்கள். படிவத்தில் கருவிப் பெட்டி அப்படி நகர விடாது. உலோக அளவை நுட்பமாக அளக்கும் ஐசிபி-எம்எஸ் கருவி வேண்டும் என்று கேட்டால் விலையே உங்கள் மொத்தத் தொகையை விழுங்கிவிடும். தவிர அது தனியாக நின்று மொத்தக் குரோமியத்தைத்தான் சொல்லும், மூவிணைதிறனா ஆறிணைதிறனா என்று சொல்லாது. நச்சுத்தன்மையும் நீரோடு நகரும் தன்மையும் கூடியது ஆறிணைதிறன் வடிவம். அதை டைபீனைல் கார்பசைடு சேர்த்து, எழும் ஊதா நிறத்தை 540 நானோமீட்டரில் அளக்கலாம். அதற்கு உங்கள் துறையில் இப்போதே இருக்கும் சாதாரண நிறமாலைமானி போதும். மொத்தக் குரோமியத்துக்கு மாதிரிகளை ஐஐடி மெட்ராஸின் எஸ்ஏஐஎஃப் பகுப்பாய்வுக் கூடத்துக்கு அனுப்பிக் கட்டணம் செலுத்தலாம். தோல் கழிவுநீரைப் பல பத்தாண்டுகளாகப் பார்த்துவரும் தோல் ஆய்வு நிறுவனமான சிஎல்ஆர்ஐ, அடையாறு பகுதியில் இருக்கிறது. நாட்டின் ஆய்வுக்கருவிகளைப் பட்டியலிடும் ஐ-ஸ்டெம் தளமும் இருக்க, “அருகில் இல்லை” என்று எழுதினால் மதிப்பீட்டாளர் நம்பமாட்டார். ஒரே ஒரு பெட்டியை நேர்மையாக நிரப்ப முயன்றதில் உங்கள் திட்டம் பாதி விலைக்கு இறங்கி, இரண்டு மடங்கு உறுதியாகிவிட்டது. இந்திய குடிநீர்த் தரம் ஐஎஸ் 10500 மொத்தக் குரோமியத்துக்கு லிட்டருக்கு 0.05 மில்லிகிராம் என்று வரம்பு வைத்திருக்கிறது. அந்த அளவுக்குக் கீழும் உங்கள் முறை நம்பகமாக அளக்குமா என்பதை இப்போதே வெள்ளோட்டமாகப் பார்த்துவிடலாம். நிதி வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

அட்டவணைப் பெட்டி இதைவிடக் கறாரானது. 40 கிணறு, ஆண்டுக்கு மழைக்கு முன்னும் பின்னும் இரண்டு முறை, மூன்று ஆண்டு என்றால் 240 மாதிரி. இரட்டை மாதிரிகளும் வெற்று மாதிரிகளும் சேர்த்தால் இன்னும் கூடும். ஆனால் நிதி ஒதுக்கீட்டு ஆணை உங்கள் மழைக்காலத்தைப் பார்த்து வராது. ஆணை நவம்பரில் வந்து, ஆள் எடுக்க மூன்று மாதம் போனால் முதல் பருவமழை கைநழுவிவிட்டது. மூன்றாண்டுத் திட்டத்தில் முழுமையாகக் கிடைப்பது இரண்டே மழை. எந்த மாதம் தொடங்கினாலும் தாங்கும்படி அட்டவணையை அமைக்க வேண்டும் என்பது கட்டுரை எழுதும்போது தோன்றாது, மாதக் கட்டங்களை நிரப்பும்போதுதான் தோன்றும். ஆள் செலவும் அப்படியே. 2023 முதல் இளநிலை ஆய்வாளருக்கான ஜேஆர்எஃப் உதவித்தொகை மாதம் 37,000 ரூபாய், முதுநிலை ஆய்வாளருக்கான எஸ்ஆர்எஃப் 42,000. இரண்டு ஆண்டு முன்னதும் ஓர் ஆண்டு பின்னதும் என்று கணக்கிட்டால், வீட்டுவாடகைப் படி இல்லாமலேயே 13,92,000 ரூபாய். இன்னொருவர் வேண்டும் என்று எழுதுமுன் இந்தத் தொகையைப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

இது எழுத்தர் வேலை, அறிவியலாளர் இதில் மூளையைச் செலவிடலாமா என்று உங்கள் நண்பர்கள் கேட்பார்கள். எழுத்தர் வேலையும் இதில் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் மதிப்பீட்டாளர் உங்கள் வேர்டு கோப்பைப் பார்ப்பதே இல்லை. தளம் தொகுத்துத் தரும் பிடிஎஃப்பைத்தான் பார்க்கிறார். சிம்பல் எழுத்துருவில் தட்டிய மியூ குறியை எளிய உரைப் பெட்டியில் ஒட்டினால் அது சத்தமில்லாமல் ‘எம்’ ஆகிவிடும். மைக்ரோகிராம் மில்லிகிராம் ஆகும், உங்கள் கிணறுகள் ஆயிரம் மடங்கு நஞ்சாகும். அந்தப் பிடிஎஃப்பை இறக்கி, அச்செடுத்து, பேனாவோடு படிப்பவருக்குத்தான் இது கண்ணில் படும். எழுத்தர் வேலை எங்கே முடிகிறது, அறிவியல் எங்கே தொடங்குகிறது என்று இந்த இடத்தில் எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை.

இன்னொன்று, விண்ணப்பம் உங்கள் பெயரில் போனாலும் நிதி வருவது நிறுவனத்துக்கு. நிறுவனத் தலைவரின் ஒப்புதல் கடிதம் லெட்டர்ஹெட்டில், கையெழுத்தோடும் முத்திரையோடும் வேண்டும். அதில் இடம், மின்சாரம், கணக்கு எல்லாவற்றுக்கும் கல்லூரி பொறுப்பேற்கிறது. அறக்கட்டளை நடத்தும் கல்லூரியானால் தொண்டு நிறுவனங்களுக்கான தர்பன் தளத்தின் பதிவெண்ணும் கேட்கப்படலாம். கருவிக்கான கொட்டேஷன், இணை ஆய்வாளரின் சம்மதம் என்று இவை எதுவும் இணையத்தில் பிறப்பவை அல்ல. மனிதர்களின் மேசைகளில் கிடப்பவை. நிதி கிடைத்த பிறகு யூசி என்று எல்லோரும் அழைக்கும் செலவுச் சான்றை 2017 பொது நிதி விதிகளின் 12-ஏ படிவத்தில் ஆண்டுதோறும் தரப்போவது கல்லூரியின் கணக்குப்பிரிவுதான். அவர்களை நிதி வந்த பிறகு அறிமுகம் செய்துகொள்வது தாமதம்.

கெடுவை நீட்டிப்பார்கள், கடைசி இரவில் போட்டும் பலருக்குக் கிடைத்திருக்கிறது என்ற வாதமும் வரும். நீட்டிப்பது உண்டு. ஆனால் நீட்டிப்பு ஓர் உரிமை அல்ல. அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனம் மின்வழி விண்ணப்பத்துக்கு மாறிய தொடக்கத்தில், கெடு முடிந்த பிறகும் பிழை திருத்தச் சில நாள் அவகாசம் தந்தது. 2011 ஜனவரியில் அந்த அவகாசத்தை அடியோடு எடுத்துவிட்டது. தளங்கள் பழகப் பழகக் கண்டிப்பு கூடும் என்பதற்கு இதுவே சான்று. நம் பக்கத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. 2015 டிசம்பர் வெள்ளம், 2016 டிசம்பர் வர்தா புயல், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் மூன்றையும் பார்த்த தென்சென்னைப் புறநகரில், டிசம்பர் கெடுவின் கடைசி நாளை நம்பி இருப்பது அசட்டுத் துணிச்சல். மின்சாரமும் இணையமும் எத்தனை நாளில் திரும்பும் என்று எவராலும் சொல்ல முடியாது.

இதைவிட வலுவான மறுப்பு ஆஸ்திரேலியாவிலிருந்து வருகிறது. அங்கே மருத்துவ ஆய்வு நிதிக்கு ஒரே ஆண்டில் வந்த 3,727 விண்ணப்பங்களைத் தயாரிக்க ஆய்வாளர்கள் சுமார் 550 உழைப்பாண்டுகளைச் செலவிட்டதாக 2013-இல் வெளியான கணக்கெடுப்பு சொன்னது. ஒரு விண்ணப்பத்துக்குச் சராசரி 34 வேலை நாள். நிதி பெற்றது ஐந்தில் ஒன்று. கூடுதல் நேரம் செலவிட்டவர்களுக்குக் கூடுதல் வெற்றி கிடைத்ததாகவும் தெரியவில்லை. அப்படியானால் இவ்வளவு பாடு எதற்கு? அந்தக் கணக்கை நான் அப்படியே ஏற்கிறேன். நான் சொல்வது கூடுதல் நேரத்தை அல்ல, நேரத்தை முன்பக்கம் நகர்த்துவதை. மெருகேற்றும் நாட்களைக் குறையுங்கள். ஐந்தில் நான்கு பேருக்குக் கிடைக்காது என்ற நிலையில், கிடைக்காமல் போனாலும் கையில் நிற்கக்கூடிய வேலையை விண்ணப்பத்துக்குள் செய்துவிட வேண்டும். சரிபார்த்த அளவீட்டு முறை, கிணறுகளின் வரைபடம், எஸ்ஏஐஎஃப் கட்டண விவரம் எல்லாம் அடுத்த விண்ணப்பத்துக்கும் ஆகும். முதுகலை மாணவர் ஒருவரின் ஆய்வேட்டுக்கும் ஆகும். நடையழகு எதற்கும் ஆகாது.

தனியார் கல்லூரிக்கு யார் தருவார்கள் என்ற கசப்பை நான் பொய் என்று சொல்லமாட்டேன். பெரிய நிறுவனங்களுக்குப் பெரும்பங்கு போவது உண்மை. எஸ்இஆர்பி காலத்தில் தொடங்கிய டேர் திட்டம், மாநிலப் பல்கலைக்கழக, தனியார் கல்லூரி ஆசிரியர்கள் ஐஐடி போன்ற இடங்களில் பகுதி நேரம் ஆய்வு செய்ய வழி செய்ததே இந்த ஏற்றத்தாழ்வை அரசு அறிந்திருந்ததால்தான். அதுபோன்ற அறிவிப்புகளையும் கவனியுங்கள். ஆனால் பெயரில்லாத கல்லூரியின் விண்ணப்பத்தில் சந்தேகத்தின் பலன் விண்ணப்பதாரருக்குக் கிடைப்பதில்லை. சின்னத் தவறும் பெரிதாகத் தெரியும். கிண்டியின் பெரிய நிறுவனங்களில் மன்னிக்கப்படும் பிழை உங்களுக்கு மன்னிக்கப்படாது. அநியாயம்தான், ஆனாலும் அதை வைத்தே திட்டமிட வேண்டும்.

ஆகவே கட்டுரையின் முதல் வரியை யோசிப்பதை இந்த வாரம் தள்ளிவையுங்கள். தளத்தில் கணக்குத் தொடங்கி, வெற்றுப் படிவத்தை அச்செடுத்துக்கொண்டு முதல்வர் அறைக்கும் கணக்குப்பிரிவுக்கும் போய் வாருங்கள்.