பாக் விரிகுடாவின் நீரோட்டம்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

இராமேஸ்வரம் வருகிறவர்கள் காலையில் அக்னி தீர்த்தத்தில் முங்கி எழுகிறார்கள். அதன்பின் தனுஷ்கோடிக்கு வண்டி பிடித்துப் போய், அரிச்சல்முனையிலும் அதே தைரியத்தில் இறங்கப் பார்க்கிறார்கள். இரண்டுக்கும் நடுவே சுமார் 20 கிலோமீட்டர்தான். ஆனால் அங்கே தண்ணீர் ஓடும் விதமே வேறு. ஒரு விரிகுடாவுக்கு ஒரே நீரோட்டம் என்று நினைப்பதுதான் இந்தத் தவறுக்கு வேர். அதிலிருந்து கிளைத்த ஐந்து நம்பிக்கைகளை இங்கே பார்ப்போம்.

நம்பிக்கை 1: பாக் விரிகுடா பெண்கடல், எப்போதும் அமைதியாக இருக்கும்.

உண்மை: மன்னார் வளைகுடாவை ஆண்கடல் என்றும் பாக் விரிகுடாவைப் பெண்கடல் என்றும் மீனவர்கள் அழைப்பதற்குக் காரணம் உண்டு. மன்னார் வளைகுடா தெற்கே போகப் போக ஆயிரம் மீட்டருக்கு மேல் ஆழம் காண்கிறது; இந்தியப் பெருங்கடலின் நெடிய அலைகள் அதற்குள் தடையின்றி வருகின்றன. பாக் விரிகுடாவின் சராசரி ஆழமோ பத்து மீட்டர் அளவுதான். இலங்கையும் இராமேஸ்வரம் தீவும் இராமர் சேது மணல்திட்டுகளும் அதைச் சுற்றி அரணாக நிற்கின்றன.

ஆனால் அந்த அரண் தெற்கே மட்டும்தான் வலுவானது. ஐப்பசி, கார்த்திகையில் வாடைக்காற்று எழுந்துவிட்டால், வடகிழக்கே திறந்து கிடக்கும் பாக் நீரிணை வழியாக அது நேராக உள்ளே வருகிறது. ஆழமில்லாத கடலில் அந்தக் காற்று கிளப்பும் அலைகள் குட்டையாகவும் செங்குத்தாகவும் அடுத்தடுத்து வந்து படகை அடிக்கும். அந்தச் சமயத்தில் தீவின் தென்கரைதான் ஒதுக்கமாக இருக்கும். பருவம் பார்த்துப் படகுகளை ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு மாற்றும் வழக்கம் இதனால்தான் வந்தது. 1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடியை அழித்த புயலும் இலங்கையைக் கடந்து பாக் நீரிணைப் பகுதிக்கு வந்ததுதான்.

நம்பிக்கை 2: அலை இல்லாத இடத்தில் இழுப்பும் இருக்காது.

உண்மை: இந்த ஐந்தில் ஆளைக் கொல்லக்கூடியது இதுதான். ஆழ்கடலில் அலை நகரும்போது தண்ணீர் பெரும்பாலும் இருந்த இடத்திலேயே சுழன்று எழுந்து தாழ்கிறது. தண்ணீரையே இடம்பெயர்த்துக் கொண்டுபோவது நீரோட்டம். ஒன்று இல்லாமல் மற்றொன்று இருக்க முடியும்.

பாம்பன் சாலைப் பாலத்தில் நின்று ரயில் பாலத்தின் தூண்களைக் குனிந்து பாருங்கள். பெரிய அலை ஒன்றும் இருக்காது. ஆனாலும் தூணின் ஒரு பக்கம் தண்ணீர் மேடுகட்டி முட்டும். மறுபக்கம் பள்ளம் விழுந்து சுழித்து ஓடும். விரிகுடாவுக்கும் வளைகுடாவுக்கும் நீர்மட்டத்தில் சிறு வேறுபாடு வந்தால் போதும், இரண்டையும் இணைக்கும் குறுகிய பாம்பன் கால்வாயில் வேகம் பிடித்துவிடும். இந்தக் கடலில் ஏற்றவற்றத்தின் உயர வேறுபாடு ஒரு மீட்டருக்கும் குறைவு என்பதைக் கேட்டு ஏமாந்துவிடக் கூடாது. இடம் குறுகினால் ஓட்டம் கூடும்.

நம்பிக்கை 3: காற்று அடிக்கிற திசையில்தான் நீரோட்டம் போகும்.

உண்மை: பாதி சரி. தென்மேற்குப் பருவக்காற்றின்போது பாம்பன் வழியாகத் தண்ணீர் மன்னார் வளைகுடாவிலிருந்து பாக் விரிகுடாவுக்குள் ஏறுகிறது. வடகிழக்குப் பருவக்காற்றில் திரும்பி இறங்குகிறது. அதே வேளையில், நிலவின் கணக்குப்படி வரும் ஏற்றவற்றமும் ஒரே நாளில் இந்த ஓட்டத்தைக் கூட்டும், குறைக்கும். காற்று தளர்ந்த நாட்களில் திசையையே மாற்றிவிடும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் இதன் வலு அதிகம்.

விரிகுடாவுக்கு வெளியே, தமிழகத்தின் கிழக்குக் கரையோரமாக ஓடும் பெரிய நீரோட்டம் இன்னும் வியப்பானது. மார்ச், ஏப்ரலில் உள்ளூர்க் காற்று பலமில்லாதபோதே அது வடக்கு நோக்கி வலுவாக ஓடுகிறது. நவம்பர் வாக்கில் தெற்கு நோக்கித் திரும்பிவிடுகிறது. வங்கக் கடலில் எங்கோ தொலைவில் வீசும் காற்றின் விளைவும் கரையோரமாகப் பயணித்து இங்கே வந்து சேர்கிறது.

நம்பிக்கை 4: மேலே எப்படி ஓடுகிறதோ, அடியிலும் அப்படியே ஓடும்.

உண்மை: தரை உராய்வினால் அடித்தண்ணீர் மெதுவாகத்தான் நகரும். ஆழம் கூடிய இடங்களில் மேல் நீவாடு (நீரோட்டத்தை மீனவர்கள் இப்படித்தான் சொல்வார்கள்) ஒரு பக்கமும் அடி நீவாடு வேறு பக்கமும் போவதுண்டு. வலை போட்டவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். மிதவைக் கயிறு ஒரு திசையில் இழுபட, ஈயக்குண்டு கட்டிய அடிக்கயிறு வேறு திசையில் போனால், வலை விரியாமல் முறுக்கிச் சுருண்டுவிடும். அன்றைய உழைப்பு வீண். மேற்பரப்பைப் பார்த்து மட்டும் கடலைக் கணிப்பவருக்கு இந்தச் செய்தி கிடைப்பதில்லை.

நம்பிக்கை 5: அரிச்சல்முனையில் இரண்டு கடல்கள் சந்தித்தாலும் ஒன்றோடொன்று கலப்பதில்லை.

உண்மை: கலக்கின்றன. ஒரு பக்கம் கலங்கலாகவும் மறுபக்கம் நீலமாகவும் தெரிவதற்குக் காரணம் ஆழமும், தண்ணீரில் மிதக்கும் மண்ணும்தான். கங்கை, பிரம்மபுத்திரா, கோதாவரி, கிருஷ்ணா ஆகிய ஆறுகள் கொட்டிய நன்னீரால் வங்கக் கடலின் உப்பு குறைகிறது. மழைக்காலத்தில் அந்தத் தண்ணீர் தெற்கே இறங்கி வரும்போது பாக் விரிகுடாவின் உப்பும் குறைகிறது. அந்த நீர் பாம்பன் வழியாகவும் சேது திட்டுகளின் இடைவெளிகள் வழியாகவும் மன்னார் வளைகுடாவுக்குள் போகிறது. கலக்காத கடல்களாக இருந்தால் இந்த மாற்றம் நிகழவே முடியாது. இரு பக்கத்து ஓட்டங்களும் முட்டிக்கொள்ளும் அந்த முனையில் மணல் இடம் மாறிக்கொண்டே இருக்கும்; போன மாதம் கால் ஊன்றிய இடம் இந்த மாதம் ஆழமாக இருக்கலாம். அங்கே குளிக்கக் கூடாது என்று தடுப்பது இதற்காகத்தான்.

கடலுக்குப் போகிறவர்கள் ஹைதராபாத்தில் உள்ள இந்திய தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையம் வெளியிடும் முன்னறிவிப்பைப் பார்க்கலாம். கரையில் நிற்கிறவர்கள் அந்தந்த ஊர் மீனவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு இறங்கலாம். கேட்கும்போது ‘கடல் எப்படி இருக்கிறது?’ என்று பொதுவாகக் கேட்காதீர்கள். ‘இந்த இடத்தில், இந்த நேரத்தில் நீவாடு எந்தப் பக்கம்?’ என்று கேளுங்கள். உயிரைக் காக்கும் பதில் அந்தக் கேள்விக்குத்தான் கிடைக்கும்.