கணினியின் தபாற்காரனை மாற்றுதல்

யுனிக்ஸ் கணினியிலே மின்னஞ்சலை ஏற்று, உரிய இடத்திற்கு அனுப்பும் பணியைச் செய்வது அஞ்சற் சேவை மென்பொருளாகும். கணினியுடன் கூடவே வந்த அம்மென்பொருளை விலக்கி வேறொன்றை அமர்த்தும் முறையினை நாம் இங்கு ஆராய்வோம்.

கலிபோர்ணியாவின் பெர்க்கிளிப் பல்கலைக்கழகத்தில் எரிக் ஆல்மன் என்பார் இயற்றிய சென்ட்மெயில், 1983ஆம் ஆண்டு தொட்டுப் பெர்க்கிளி யுனிக்சுடன் வழங்கிவந்தது. அது பெரியதொரு தனி நிரல். கணினியின் முழு அதிகாரத்தோடும் இயங்கியது. 1988 நவம்பரில் இணையத்திற் பரவிய மொறிஸ் புழு நுழைந்த வழிகளுள் அதுவும் ஒன்று. எல்லாத் திறப்புகளையும் ஒருவனிடமே கொடுத்தால், அவன் ஏமாறும்போது வீடு முழுவதும் பறிபோகுமன்றோ? வீட்சே வெனெமா என்பார் ஐ.பி.எம். ஆய்வுகூடத்தில் ஆக்கி 1998இல் வெளியிட்ட போஸ்ற்பிக்ஸ் இக்குறையை நீக்க முயன்றது. அதில் வேலை பல சிறு நிரல்களுக்குப் பகிரப்பட்டுள்ளது; ஒவ்வொன்றுக்கும் வேண்டிய அளவு அதிகாரமே உண்டு.

சென்ட்மெயிலை விலக்கிப் போஸ்ற்பிக்ஸை அமர்த்துங்கால் நான்கு செயல்கள் கருதற்பாலன.

முதலாவது, காத்திருக்கும் கடிதங்களைக் காத்தல். மெயில்கியூ என்னும் கட்டளை அவற்றைக் காட்டும். பழைய வரிசையைப் போஸ்ற்பிக்ஸ் வாசிக்கமாட்டாது. ஆதலின் பழைய நிரலை அழித்துவிடாது, வேறு பெயரில் வைத்து, எஞ்சிய கடிதங்களை அதனைக் கொண்டே அனுப்பி முடித்தல் வேண்டும்.

இரண்டாவது, பழைய சேவையை நிறுத்திய பின்னரே புதியதைத் தொடக்குதல். 25ஆம் இலக்க வாயிலில் இரண்டும் ஒருங்கே நிற்கமாட்டா.

மூன்றாவது, பெயரைப் பேணுதல். எத்தனையோ நிரல்கள் 'சென்ட்மெயில்' என்று அழைத்தே கடிதத்தை ஒப்படைக்கின்றன. போஸ்ற்பிக்ஸும் அப்பெயரிலேயே ஒரு கட்டளையைத் தருகின்றது. ஒன்றன் பெயர் அதனோடு தொடர்புடைய மற்றொன்றுக்கு ஆகிவருவதால், இலக்கணம் பயில்வோர் இதனை ஆகுபெயரோடு ஒப்பிடலாம்.

நான்காவது, ரூட் என்னும் தலைமைக் கணக்கிற்கு வரும் கடிதங்கள் ஒரு மனிதரைச் சேருமாறு மாற்றுப்பெயர்ப் பட்டியலில் எழுதி, நியூஅலியாசஸ் என்னும் கட்டளையால் அதனைப் புதுப்பித்தல். இதனைச் சிறிதென எண்ணலாகாது. இரவிலே தாமாக நடைபெறும் வேலைகள் பிழைக்குமாயின், அச்செய்தி அக்கணக்கிற்கே கடிதமாய் வரும். அக்கடிதம் வழிதவறினால், காப்புப்படி பல நாளாக எடுக்கப்படாதிருப்பினும் அதனை அறிவார் இல்லை.

பெர்க்கிளி மரபில் வந்த பிறீபிஎஸ்டியும் 2023இல் வெளியான தன் 14ஆம் பதிப்பில், சென்ட்மெயிலின் இடத்தில் வேறொரு சிறு நிரலை அமர்த்தியது. ஆகவே இம்மாற்றம் புதுமையன்று, கவனமே வேண்டுவது. உள்ளிருந்து வெளியே ஒன்றும், வெளியிலிருந்து உள்ளே ஒன்றும், ரூட் கணக்கிற்கு ஒன்றுமாக மூன்று கடிதங்களை அனுப்பிப் பார்த்து, அவை உரியவர் கையிற் சேர்ந்த பின்னரே பழைய தபாற்காரனுக்கு விடைகொடுத்தல் தகும்.